ராகிக்குள் வைத்தது

நாராயணப்பனுக்கு மூக்கு செத்துப்போன சங்கதி, களி தீய்ந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. காவேரி பானையை அடுப்பில் வைத்துவிட்டுக் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனவள், பக்கத்து வீட்டுக்காரி பேச்சுக்கு இழுக்க அங்கேயே நின்றுவிட்டாள். திரும்பி வந்தால் வீடெல்லாம் தீய்ந்த நாற்றம். அடுப்புக்கு நேர் எதிரே, கை நீட்டினால் பானையைத் தொடுகிற தூரத்தில், அவள் புருஷன் சாவதானமாகக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன் மாமா, தெருவே நாறுது, நீ கல்லுப் புள்ளையாராட்டம் குந்திக்கினு இருக்கிற? மூக்க என்னா சந்தைல வித்துட்டு வந்துட்டியா?"

"என்னா நாறுது?" என்றான் அவன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

காவேரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தக் கதையைக் குழாயடியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மாம்பழத்தின் காம்பை முகர்ந்தே, இது எந்தத் தோப்பு, புகை போட்டதா மரத்தில் பழுத்ததா என்று சொல்லிவிடுகிற மூக்கு அவனுடையது. அதற்கா இந்தக் கதி என்று ஊரே கேலி பண்ணியது. பின்னால் அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றும்.

குந்தாரப்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர். கொஞ்சம் மேட்டுக்காடு, மழை பார்த்து ராகி, ஊடுபயிராக அவரை. காடு சோறு போடும், மற்றதெல்லாம் போடாது. அதனால் நாராயணப்பன் வாலிபத்திலேயே ஓசூர்ப் பக்கம் பெட்டி அடிக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டான். கார் சாமான், மோட்டார் சாமானெல்லாம் வெளிநாட்டுக்கு ஏற்றி அனுப்ப மரப்பெட்டி வேண்டும். தகரக் கொட்டகை, உள்ளே ஓயாமல் கத்துகிற ரம்பம், பலகையை இழைக்கிற மிஷின். கதவெல்லாம் மூடித்தான் இருக்கும். தூள் ரோட்டுக்குப் பறந்தால் பக்கத்துக் கம்பெனிக்காரன் சண்டைக்கு வருவானாம். ஆகவே அந்தத் தூள் பறக்க வேண்டிய இடமெல்லாம் உள்ளே நிற்கிற ஆட்களின் மூக்குதான். ஒரு துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு அத்தனை வருஷத்தையும் ஓட்டினான்.

வேலை முடிந்து வரும்போது புருவத்திலும் காது மடலிலும் மஞ்சளாகத் தூள் படிந்திருக்கும். சமயத்தில் ஒரு மூட்டை மரத்தூளையும் பஸ்ஸில் போட்டுக்கொண்டு வருவான். தகர அடுப்பின் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கொட்டி இடித்துக் கெட்டித்து, பாட்டிலை மெல்ல உருவி எடுத்துவிட்டுக் காவேரி தீ வைப்பாள். புகையில்லாமல் நின்று எரியும். கேஸ் வந்த பிறகும் களிக்கு அந்த அடுப்புதான் சரி என்பாள். அந்தத் தூளில்தான் மகள் மேகலாவை வளர்த்தார்கள், கட்டிக் கொடுத்தார்கள்.

வாசனை போனதற்கப்புறம் மூக்கின் ஒரு பக்கம் அடைத்தது. பீனிசம் என்று நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தான், யாரோ சொன்னார்களென்று மூக்குப்பொடி போட்டான், மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டான். அதற்குள் வருஷம் ஒன்று திரும்பிவிட்டது. ஒரு நாள் ரம்பத்தின் எதிரே நின்றுகொண்டிருந்தவனின் சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம். கை போய்விட்டதென்று ஓடிவந்தவர்கள், மூக்கிலிருந்து என்று தெரிந்ததும், சூடு, இளநீர் குடி என்றார்கள்.

ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். புற்று என்றார்கள். பெங்களூருக்கு அனுப்பிக் கதிர் வைத்தியம் என்று கரண்ட் வைத்தார்கள். முகத்தின் ஒரு பாதி கருகி உரிந்து, பிறகு தேறியது. மறுபடி களி தின்றான், கோழிக்கு இரை போட்டான், காவேரியை வம்புக்கு இழுத்தான். அவ்வளவுதான், தப்பித்தோம் என்று இருந்தபோது, கண்ணோரத்தில் மறுபடி ஒரு வீக்கம் எட்டிப் பார்த்தது.

மாமரத்தில் பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கிற நேரம். பெங்களூர் டாக்டரம்மா படத்தை விளக்கில் மாட்டி வெகு நேரம் பார்த்தாள். தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிறவள், நோயாளி முகத்தைப் பார்த்தே பேசுகிறவள்.

"திரும்பவும் வந்திருக்குப்பா. கண்ணு பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. இன்னொரு தடவை வெட்டி எடுக்க முடியாது. ஆனா ஒண்ணு செஞ்சு பாக்கலாம். ஓசூர்ல மொதல்ல எடுத்தாங்க பாருங்க கட்டி, அதுல ஒரு துண்டை மெழுகுல பதிச்சு வெச்சிருப்பாங்க. பிளாக்குன்னு கேட்டா குடுப்பாங்க. அதை வாங்கிட்டு வாங்க. மரபணு டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம்."

"அதப் பாத்து?" என்று நாராயணப்பன் கேட்டான்.

"மூக்குல வர்ற கட்டிங்க சிலதுல மரபணுவுல ஒரு மாத்தம் இருக்கும். அது ஒரு அடையாளம் மாதிரி. அந்த அடையாளம் இருந்தா, அதையே குறி வெச்சுப் போற மாத்திரைங்க சிலது இருக்கு. எல்லார் கட்டியிலயும் இருக்காது. இருந்தாலும் கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். உலகம் பூரா இப்பதான் தேடிக்கிட்டு இருக்காங்க. ஆனா தேடாம விட எனக்கு மனசில்ல."

"தேடும்மா, தேடு. எங்கன்னா மாட்டுவான்," என்றான் நாராயணப்பன். டாக்டரம்மாவே சிரித்துவிட்டாள்.

காவேரி சிரிக்கவில்லை. அவள் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தையை அவள் இதற்கு முன்னாலும் கேட்டிருக்கிறாள்.

மேகலாவை அவள் தன் கூடப்பிறந்த தம்பி மாதேஷுக்கே கட்டிக் கொடுத்திருந்தாள். அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். முறைமாமன் ஒருத்தன் கல்லுக்குண்டு மாதிரி இருக்கையில் பெண்ணைச் சொந்தம் விட்டு அசலில் கொடுத்தால்தான் ஊர் வாய் கேட்கும். மாதேஷ் மத்தூரில் மாமனார் மெச்சுகிற மாப்பிள்ளையாகத்தான் இருந்தான். ஆனால் முதல் பிள்ளை பிறந்து, பேர் வைப்பதற்குள் போய்விட்டது. ஆஸ்பத்திரியில், "சொந்தத்துலயா கட்டினீங்க? அதாம்மா, மரபணுக் கோளாறு," என்று எதையோ எழுதிக்கொண்டே சொன்னார்கள். ஊர் நர்ஸம்மாவும் சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டி அதையே சொன்னாள். அந்த வட்டாரத்தில் மரபணு என்றால் அது ஒன்றுதான். மாமனுக்குக் கட்டிக் கொடுத்த பெண்ணின் வயிற்றில் வருகிற கேடு. வேறு எதற்கும் அந்த வார்த்தையை யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை.

மத்தூர் வீட்டை ஆண்டது காவேரியின் அண்ணன் பெண்டாட்டி வெள்ளையம்மா. ஊத்தங்கரைப் பக்கத்துக்காரி, வெட்டொன்று துண்டு ரெண்டாகப் பேசுகிறவள். செத்த குழந்தையைப் புதைத்துவிட்டு வந்து ஆம்பளைகள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே, "எங்க மாதேசு ரத்தத்துல என்னா கொற? பொண்ணோட அப்பன் வூட்டு ரத்தம். எந்தக் காலத்து நோவோ," என்றாள். இப்போது மேகலா மறுபடியும் முழுகாமல் இருந்தாள். போன வாரம்கூட வெள்ளையம்மா போனில் சொன்னாள்: "இந்தத் தபாவும் எதுனா ஆச்சின்னா, மாதேசுக்கு வேற எடத்துல பாக்க வேண்டியதுதான் காவேரி. சொல்லலன்னு இருக்கக்கூடாது பாரு."

பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரியே நாராயணப்பனின் மரபணுவில் கேடு இருக்கிறதென்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால்? வெள்ளையம்மாவுக்கு அப்புறம் வேறென்ன வேண்டும்?

டாக்டரம்மாவிடம் ஒரு வாய் கேட்டிருக்கலாம். இது என் மகளுக்கும் வருமா என்று கேட்க எத்தனை நேரம் ஆகும்? ஆனால் அதைக் கேட்டால் செத்த பிள்ளையின் பேச்சு வரும், தம்பிக்குக் கொடுத்த பேச்சு வரும், படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். கேட்கிற கேள்வியே காட்டிக் கொடுத்துவிடும் என்று காவேரி பயந்தாள். பயந்தவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஓசூர் ஆஸ்பத்திரி லேபில் ஒரு பெண் தேடி எடுத்துக் கொடுத்தாள். "இது ஒண்ணுதாங்க மிச்சம் இருக்கு. பத்திரமாக் கொண்டு போங்க," என்றாள். பஸ்ஸில் நாராயணப்பன் அதைக் கவரோடு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதில் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் துவரம்பருப்பு மாதிரி ஒரு பழுப்புத் துணுக்கு.

"இத்தினூண்டா இருந்துக்கினுதான் இந்த ஆட்டம் ஆடினானா இவன்?" என்றான். "இந்தா, நீ வெச்சுக்க. என் மூக்கு வூட்டுல வாடகை குடுக்காம இருந்தவன்."

அன்று சந்தை நாள். குந்தாரப்பள்ளியில் பஸ் நின்றபோது மாடும் ஆடும் கோழிக்கூடையும் தரகர்களுமாக ரோடே அடைத்துக் கிடந்தது. கன்றுக்குட்டி ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓட, ஜனம் அப்படியும் இப்படியும் சிதறியது. அந்தத் தள்ளுமுள்ளில்தான் காவேரிக்கு அந்த யோசனை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் நாராயணப்பன் கால் கழுவப் போனான். மூலையில் நீல டிரம் இருந்தது. ஏதோ கம்பெனியிலிருந்து கழித்துவிட்டது, அதில்தான் தை மாதம் அடித்த ராகியைக் கொட்டி வைத்திருந்தார்கள். காவேரி மூடியைத் திறந்து, கவரை மணிக்கட்டு ஆழத்துக்கு உள்ளே புதைத்து, மேலே ராகியைத் தடவி விட்டாள். பிறகு கைப்பையை உதறிக்கொண்டு கத்தினாள்.

"ஐயோ மாமா, காணமே! சந்தைல எவனோ இடிச்சான், அங்கதான் வுழுந்திருக்கும்!"

பொய்தான் சொன்னாள், ஆனால் அழுகை பொய்யில்லை. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சந்தை வரைக்கும் ஓடிப்போய்ச் சாணிக்கும் வைக்கோலுக்கும் நடுவில் தேடுகிற மாதிரி தேடிவிட்டும் வந்தாள்.

"வுடு. போனாப் போவுது," என்றான் நாராயணப்பன். "உன்ன யாருனா அடிச்சாங்களா இப்ப? அழாத."

பிளாக் தொலைந்த சங்கதியைக் கேட்டதும் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டாள். புதிதாக ஒரு துண்டு எடுக்கலாமா என்று மூக்குக்குள் விளக்கைவிட்டுப் பார்த்தாள். தொட்டதுமே ரத்தம் கொட்டியது. கையை வைத்தால் நிற்காது என்று விட்டுவிட்டாள். "நரம்புல ஏத்தற மருந்து போடலாம். அது கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அந்த பிளாக் எங்கயாவது கிடைச்சுதுன்னா, அன்னிக்கே எடுத்துட்டு வாங்கம்மா. நாள் கடத்தாதீங்க," என்றாள். இதைக் காவேரியைப் பார்த்துத்தான் சொன்னாள்.

வெயில் ஏறியது. மருந்து ஏற்றிக்கொண்டு வருவதும் வாந்தி எடுப்பதும் படுப்பதுமாக நாட்கள் போயின. கண் பிதுங்கி வந்தது. தூங்கும்போதுகூட அந்த இமை முழுசாக மூடுவதில்லை. காலையில் தலையணைத் துண்டில் ரத்தம் காய்ந்திருக்கும். காவேரி எதையும் கேட்காமல் அதை அலசிப் போடுவாள். எழுந்து நடக்க முடிகிற அன்றைக்கெல்லாம் அவனே டிரம்மைத் திறந்து கையளவு ராகி அள்ளிக்கொண்டு போய்க் கோழிக்குப் போடுவான். அந்த வேலையை மட்டும் யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டான்.

அவள் அடுப்பில் எதை வைத்தாலும் கட்டிலிலிருந்து குரல் வரும்.

"இப்ப என்னா வாசன வருது?"

"அவரக்கொட்டக் கொழம்பு."

"தாளிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல."

"பூண்டு தட்டிப் போடு. சொல்லு, இப்ப?"

"இப்பப் பூண்டு வாசன தூக்குது மாமா."

"ம்," என்பான், தனக்கும் வந்துவிட்ட மாதிரி. தட்டில் வைத்தால் ரெண்டு உருண்டைக்கு மேல் இறங்காது.

ஒரு மத்தியானம் காவேரி தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தபோது, அவன் மூலையில் மிச்சமிருந்த மரத்தூள் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஒரு பிடி தூளை எடுத்து மூக்குக்கு நேராக வைத்து, இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வாழ்நாளெல்லாம் வேண்டாமென்றாலும் நுழைந்த வாசனை அது. இப்போது கெஞ்சினாலும் வரவில்லை. அவளைப் பார்த்ததும் தூளை உதறிவிட்டு, "எலி வந்துருக்குதான்னு பாத்தேன்," என்றான்.

என்ன பொம்பளை நான், மகளுக்கு வாழ்க்கை வேண்டுமென்று புருஷனைக் கொன்றுகொண்டிருக்கிறேனே என்று காவேரி தன்னையே சபித்துக்கொண்டாள். வெள்ளையம்மா என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். அவன் போய்க் கட்டிலில் சாய்ந்ததும், டிரம்மைத் திறந்து கையை விட்டாள். மணிக்கட்டு ஆழத்தில் இல்லை. முழங்கை வரை விட்டாள். தோள்பட்டை வரை விட்டுத் துழாவினாள். வழுக்கி வழுக்கி ஓடுகிற ராகிதான் விரலில் பட்டது.

"என்னாத்த தேடற?" என்றான் அவன் கட்டிலிலிருந்து.

"ஒண்ணியுமில்ல. வண்டு வுழுந்திருக்கும்னு வேப்பெல போடலாம்னு."

"போடு," என்றான், முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எலி இழுத்துப் போயிற்றோ, கோழிக்கு அள்ளும்போது கூடவே போய்விட்டதோ. முற்றமெல்லாம் தேடினாள், கோழிக்கூண்டுக்குள் தலையை விட்டுத் தேடினாள். தான் சொன்ன பொய்யை ஊர்ச்சாமி முனியப்பன் மெய்யாக்கிவிட்டார் என்று முடிவு பண்ணினாள். இனிமேல் யாரிடம் என்னவென்று சொல்வது? கல் விழுங்கினவள் மாதிரி நடமாடினாள்.

மேகலாவுக்கு ஏழாம் மாதம் தொடங்கியதும் மாதேஷ் அவளைத் தாய்வீட்டில் கொண்டுவந்து விட வந்தான். அப்பன் முகத்தைப் பார்த்ததும் அவள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, கட்டிலோரம் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, எனக்கு நம்ம வூட்டுக் களி வேணும்," என்றாள்.

டிரம்மில் ராகி கால்வாசிக்கும் கீழே போயிருந்தது. மொத்தத்தையும் புடைத்து மிஷினுக்கு அனுப்பிவிடலாம் என்று மாதேஷ் டிரம்மைத் தூக்கிக் கோணிமேல் கவிழ்த்தான். ராகியெல்லாம் கொட்டி முடிந்த பிறகு, கடைசியாக, அடியிலிருந்து அந்தக் கவர் வந்து விழுந்தது.

"என்னாம்மா இது?" மேகலா எடுத்துத் தட்டினாள். கவரின் மேல் அப்பன் பேர் எழுதியிருந்தது. "இது தொலஞ்சுபோச்சுன்னு தானே சொன்ன?"

காவேரி கொட்டிக் கிடந்த ராகியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒன்றைக்கூட மறைக்காமல் சொன்னாள். வெள்ளையம்மா சொன்னது, பிள்ளை செத்தது, மரபணு என்ற பேச்சு, எல்லாம்.

"எனக்கு ரெண்டு கண்ணுடி. எந்தக் கண்ணக் குத்திக்கறதுன்னு தெரியல. உன்ன வூட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு..."

"யாரு அனுப்புறது?" என்றான் மாதேஷ். அவன் சத்தம் போட்டு அவள் கேட்டதேயில்லை. "யாருக்கா அனுப்புறது? மேகலாவ அண்ணியா கட்டிக்கிச்சு? நான் கட்டினேன். நான் உன் தம்பிக்கா. உன் இடுப்புல வளந்தவன். என்னப் பாத்தா அப்பிடியா இருக்குது?"

மேகலா ஆஸ்பத்திரி நம்பரைப் போட்டு, நர்ஸிடம் கெஞ்சி, டாக்டரம்மாவைப் பிடித்து, ஸ்பீக்கரில் வைத்தாள். மாமனைக் கட்டியது முதல் செத்த பிள்ளை வரை அவளே சொன்னாள். அம்மா கூசின வார்த்தை எதற்கும் அவள் கூசவில்லை.

"அய்யோ தேவரே," என்றது டாக்டரம்மாவின் குரல். "அம்மா, நல்லாக் கேளுங்க. நான் பாக்கணும்னு சொன்னது கட்டியோட மரபணு. அவர் பொறக்கும்போது வந்ததில்ல. வருஷக்கணக்கா மரத்தூளை இழுத்தாரே, அதனால மூக்குக்குள்ள அந்த இடத்துல மட்டும் கெட்டுப்போயிருக்கும். அது ரத்தத்துல ஓடி மகளுக்குப் போறதில்ல, பேரப்பிள்ளைக்கும் போறதில்ல. உங்க மக பிள்ளை விஷயம் வேற, அதுக்கு வேற டாக்டர் பாக்கணும். ரெண்டும் ஒண்ணு இல்லம்மா. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே? நானாவது வெவரமாச் சொல்லியிருக்கணும்."

காவேரி கட்டிலைப் பார்த்தாள். நாராயணப்பன் முழித்துக்கொண்டுதான் இருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அவளைத் திட்டவில்லை. மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். இனி இந்த ஜென்மத்துக்கு என் முகத்தைப் பார்க்க மாட்டார் என்று அவள் நினைத்தாள்.

மாதேஷ் அன்றைக்கே பிளாக்கை எடுத்துக்கொண்டு பெங்களூருக்கு வண்டி ஏறினான்.

முடிவு வந்துவிட்டதென்று கூப்பிட்டபோது ஆனி பிறந்திருந்தது. மாதேஷ் மேகலாவை ஸ்கேனுக்கு அழைத்துப் போகவேண்டியிருந்ததால் புருஷனும் பெண்டாட்டியுமாகப் பஸ்ஸிலேயே போனார்கள். டாக்டரம்மா நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்ததிலேயே காவேரிக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"நாங்க தேடின அடையாளம் எதுவுமே இந்தக் கட்டியில இல்லப்பா. குடுக்கறதுக்கு அந்த மாதிரி மாத்திரை இப்ப என்கிட்ட இல்ல."

நாராயணப்பன் தலையை ஆட்டினான்.

"நாள் கடத்திட்டேனே, அதனால அழிஞ்சு போச்சாம்மா?" என்று காவேரி கேட்டாள்.

"இல்லம்மா. மெழுகுல இருக்கறது அப்படியேதான் இருக்கும். நீங்க அன்னிக்கே கொண்டுவந்து குடுத்திருந்தாலும் இதேதான் வந்திருக்கும்."

காவேரி அழுதாள். டாக்டரம்மா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள், நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் என்னத்துக்கு அழுகிறாள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அது நிம்மதி. நான் கொல்லவில்லை, நான் கொல்லவில்லை என்று மனசு துள்ளியது. புருஷன் பிழைக்க வழியில்லை என்று சொன்னவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. அப்படித் தோன்றிய மறுகணமே, சீ என்று ஆகிவிட்டது.

மெழுகில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா, பின்னால் வருகிறவர்களுக்கு ஏதாவது அடையாளம் கிடைக்கலாம் என்று டாக்டரம்மா கேட்டாள்.

"வெச்சுக்கம்மா. எங்க வூட்டுல அவன் ராகிக்குள்ள இருந்தான். இங்கயாவது ஏசில இருக்கட்டும்," என்றான் நாராயணப்பன்.

திரும்பும்போது ஜன்னலோரம் அவன் உட்கார்ந்தான். துண்டை முகத்தில் சுற்றியிருந்தான், கம்பெனியில் சுற்றுகிற மாதிரியே. அத்திப்பள்ளி தாண்டி, ஓசூர் தாண்டி, அவன் பெட்டி அடித்த கொட்டகையும் தாண்டிப் போயிற்று. சூளகிரி ஏற்றத்தில் காவேரிக்கு அடக்க முடியவில்லை.

"மாமா, அன்னிக்கே குடுத்திருந்தாலும் இதேதான்னு டாக்டரம்மா சொல்லுச்சு பாரு, எனக்கு மனசு லேசாயிடுச்சு மாமா. உனக்கு மருந்து இல்லன்னு சொல்றாங்க, எனக்கு அப்பாடான்னு இருக்குது. நானெல்லாம் ஒரு பொம்பளையா?"

அவன் ஜன்னலிலிருந்து அவள் பக்கம் திரும்பினான்.

"எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு," என்றான்.

"உனக்கென்னா? நீ என்னா பண்ண?"

"நீ அத எத்தினி ஆழத்துல வெச்ச?"

"மணிக்கட்டு ஆழம். அப்புறம் நான் தேடினப்ப தோளு வரைக்கும் வுட்டும்..."

"கெடைக்காது. நீ வெச்ச மறுநாளே, கோழிக்கு ராகி அள்ளப்போனப்ப என் கையில தட்டுப்பட்டுருச்சு. நீ எதுக்கு வெச்சிருப்பன்னு தெரியாதா எனக்கு? வெள்ளையம்மா வாயி எனக்குத் தெரியாதா? ராகி கொறையக் கொறைய அது மேல வந்துக்கினே இருந்துச்சு. நாந்தான் ஒவ்வொரு தபாவும் அடியில தள்ளிக்கினே இருந்தேன்."

காவேரி அவன் முகத்தையே பார்த்தாள். துண்டுக்கு மேலே அந்த ஒரு கண் மூடாமல் முழித்துக்கொண்டிருந்தது.

"நான் தேடறப்ப நீ கட்டில்ல படுத்துக்கினு பாத்தியே மாமா."

"பாத்தேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. இங்கதான் இருக்குதுன்னு ஒரு வார்த்த..."

"சொல்லியிருந்தா நீ கொண்டும்போய்க் குடுத்திருப்ப," என்றான் நாராயணப்பன். "மேகலா வாழணும்ல?"

அவள் அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஆள் இருக்கிறார்களே என்று பார்க்கவில்லை.

"ரெண்டு பேரும் கூமுட்டைங்க," என்றான் அவன். "ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர், ஒண்ணும் இல்லாததுக்கு."

குந்தாரப்பள்ளி நெருங்கும்போது மாங்கூழ் கம்பெனி வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. ஜன்னல் வழியாக வாசனை வந்து பஸ் முழுக்க நிறைந்தது. தூங்கினவர்கள்கூட எழுந்து பார்த்தார்கள். அவன் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தான்.

ஸ்டாப்பில் இறங்கியதும் ரோட்டோரம் மாம்பழத்தைக் கூறு கட்டி வைத்திருந்தவனிடம் அவனாகவே போய் நின்றான். வழக்கம் மாறாமல் ஒரு பழத்தை எடுத்து, துண்டை விலக்கி, காம்பை மூக்குக்குக் கொண்டுபோனான். கை பாதியில் நின்றுவிட்டது. அப்புறம் பழத்தைக் காவேரியிடம் நீட்டினான்.

"நீ பாத்து எடு. மேகலாவுக்கு, நல்லதாப் பாத்து எடு."

காவேரி ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தாள். கண்ணீர் இறங்கி மூக்கை அடைத்துக்கொண்டது. எந்தப் பழத்திலும் அவளுக்கு வாசனை தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகப் போட்டாள், அவன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.